ஒற்றுக்கு அரை மாத்திரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு மெய்ப்புப் பிரதியின் ஓரத்தில், சிவப்பு மையில், ஒரே ஒரு சொல்லாக வந்து சேர்ந்தது. 'நானும்' என்பது அந்தச் சொல். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் சும்மா இருந்தேன். அந்த மூன்று நாளை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்லை எழுதியவள் என் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். கதையாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அவள் தயங்கவே இல்லை, விரல் விட்டு நிபந்தனைகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். பெயர் போடக் கூடாது. மாடி விளிம்பு, பாலம், தண்டவாளம் எதுவும் வரக் கூடாது. டாக்டரம்மாவை வில்லியாக்கக் கூடாது. வீட்டுக்காரரை அழவைக்கக் கூடாது ("அவர் அழ மாட்டார் சார், எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க"). அப்புறம், 'அவர்' என்று மரியாதை போடக் கூடாது.

"'அவர்'னா மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்த மாதிரி இருக்கு. 'அவள்'னே போடுங்க. கொஞ்சம் பக்கத்துல இருந்து பாத்த மாதிரி இருக்கட்டும்."

கடைசி நிபந்தனை: ஒற்றுப்பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. மற்றதையெல்லாம் எப்படியோ காப்பாற்றிவிடுவேன். இதற்கு மட்டும் நான் உத்தரவாதமில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'அவள் கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்—'

[வேண்டாம். அன்று நல்ல வெயில். மனநோய் என்றாலே எழுத்தாளர்களுக்கு மழை பிடித்துக்கொள்கிறது.]

'மனநிலைக் கோளாறுகளுக்கான மருந்துகள் மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே—'

[வேண்டாம். இதை டாக்டரம்மா இரண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டார், அதுவும் தும்மலுக்கு நடுவே.]

'அச்சகத்தின் மாடியில், மதியம் இரண்டு மணிக்கு, எழுத்துகள் தூங்கும்.'

இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

அச்சகத்தின் மாடியில், மதியம் இரண்டு மணிக்கு, எழுத்துகள் தூங்கும். கீழே இயந்திரம் ஓடுகிற அதிர்வு தரை வழியாக நாற்காலிக்கு ஏறி, நாற்காலியிலிருந்து முதுகுக்கு ஏறி, ஆளை மெல்லத் தாலாட்டும். புதுக் காகித வாசனையும் பசை வாசனையும் கலந்து கண் சொக்கும். ஜன்னல் வெயில் மேஜையில் ஒரு முழம் நகர்வதற்குள் அவள் எட்டுப் பக்கம் முடித்துவிடுவாள். மர அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, உதடு மட்டும் அசைய, ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பாள். பொருளுக்காகப் படித்தால் பிழை கண்ணில் படாது என்பது அவள் கட்சி. என் கதைகள் எப்படி இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டேன். "தெரியலையே சார், நான் படிச்சதில்ல, பாத்திருக்கேன்" என்றாள்.

அச்சகத்தில் அவளுக்கு ஒற்றக்கா என்று பெயர். க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் பிடித்துவிடுவாள். தெருமுனையில் 'மருந்து கடை' என்று பலகை வைத்திருக்கிறவரிடம், நடுவில் ஒரு 'க்' போடச் சொல்லி ஒன்பது வருடமாகச் சண்டை. அவரும் ஒன்பது வருடமாக "போட்டுருவோம்மா" என்கிறார்.

ஒன்பது வருடமாக அந்தக் கடைக்கு அவள் போவது மாத்திரை வாங்க. அவளுடையது மனநிலை கண்டபடி ஏறி, பிறகு கண்டபடி இறங்குகிற நோய். ஏறும்போது தூக்கம் வராது, பசிக்காது, கதவுப்பிடி முதற்கொண்டு எல்லாம் அவளிடம் பேசும். இறங்கும்போது பல் துலக்குவதே மலையேற்றம். இரண்டுக்கும் நடுவே அவளை நிறுத்திவைப்பது லித்தியம் என்கிற ஓர் உப்பு. வீட்டிலும் அதற்கு உப்பு என்றே பெயர். "உப்புப் போட்டியா?" என்று கணவர் கேட்டால், சமையலைக் கேட்கிறாரா மாத்திரையைக் கேட்கிறாரா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையாவது துடைத்துக்கொண்டேதான் பேசுவார். அவ்வளவுதான் ஆட்கள். அவள், அவர், டாக்டரம்மா, நான்.

3

அந்த உப்பு சும்மா வேலை செய்யாது. ஓயாத தாகம். சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அப்புறம், விரல்களில் மெல்லிய ஒரு நடுக்கம். இந்த நடுக்கத்தில்தான் கதை இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் அச்சுக்கு வந்தது. 'கல்வி' என்ற சொல்லில் புள்ளி விட்டுப்போயிருந்தது. ஒற்றக்கா பார்க்காமல் விடுவாளா? பார்த்தாள், சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தாள். கை நடுங்கி, புள்ளி எழுத்துக்கும் மேல்வரிக்கும் நடுவே எங்கோ போய் விழுந்தது. தட்டச்சுக்காரர் அதைக் காகிதத்தில் இருந்த கறை என்று நினைத்து விட்டுவிட்டார். அறுநூறு பிரதி அச்சாகிப் பள்ளிக்கும் போய்விட்டது. முதல் பக்கத்தில் தலைமையாசிரியரின் சிரித்த முகம். அதற்குக் கீழே அவர் பொன்மொழி: "கலவியே என் வாழ்நாள் தவம்."

அச்சகமே விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு ஒட்டுச்சீட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாராம். ஒற்றக்காவும் சிரித்தாள். வீடு போய்ச் சேரும்வரை சிரித்தாள். பிறகு குளியலறை விளக்கைப் போட்டு, வலது கையை நீட்டிப் பிடித்து, அது தானாக ஆடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோய் அவளிடமிருந்து என்னென்னவோ எடுத்துக்கொண்டது. புள்ளியை மட்டும் தொடாமல் விட்டுவைத்திருந்தது. இப்போது அதற்கும் வந்துவிட்டது.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாத்திரை என்றால் விழுங்குவது. தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்றால் கால அளவு, ஒரு முறை கண் இமைக்கிற நேரம். குறில் எழுத்துக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. புள்ளி வைத்த ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். எல்லோரும் மறந்துவிட்டோம், அவளைத் தவிர.)

4

காலை. சமையலறை மேடை. காய் நறுக்குகிற கத்தி. மாத்திரையைப் பலகையில் வைத்து அழுத்தினாள், 'டக்'கென்று இரண்டாகியது. ஒரு பாதியை விழுங்கினாள். மறு பாதியைக் காலியான குண்டூசி டப்பாவில் போட்டு மூடினாள்.

"எனக்குப் பேரே ஒற்று. ஒற்றுக்கு அரை மாத்திரைதானே?"

தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு முடிவு வேடிக்கையாகவும் அமைந்துவிட்டால் அது சரியான முடிவு என்று தோன்றிவிடுகிறது. டாக்டரம்மாவைப் பார்க்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரைக்கும் பாதி போதும், கை நிற்கிறதா என்று பார்ப்போம் என்று நினைத்தாள்.

[இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே சந்தேகித்தேன். ஒன்பது வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டவள் ஒரு சிலேடைக்காகவா மாத்திரையை வெட்டுவாள்? அவளிடமே கேட்டேன். "சிலேடைக்காக இல்ல சார், புள்ளிக்காக. சிலேடை தைரியம் குடுத்துச்சு, அவ்வளவுதான்."]

பத்துப் பதினைந்து நாளில் கை நின்றது. வைத்த இடத்தில் புள்ளி விழுந்தது. ஊசி முனையில் குங்குமம் தொட்டு வைத்தாற்போல அத்தனை சுத்தம். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

அதற்கும் பிறகு, ஒரு மதியம், எழுத்துகள் தூங்கவில்லை.

முதலில் 'ழ' மெல்லப் புரண்டு படுத்தது. அடுத்து ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் கண் திறந்து அவளைப் பார்த்தன. அவள் பயப்படவில்லை, ரொம்ப நாள் பார்க்காத சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதுபோல இருந்தது. கொம்புகள் வளைந்து வழி விட்டன. வரிகளுக்கு நடுவே இருந்த வெள்ளை இடம் தண்ணீராக ஓடியது, அவள் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு அதில் மிதந்தாள். ஜன்னல் வெயில் நகராமல் நின்றது. எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்திருந்தது, எந்த இடத்திலும் ஒற்று விட்டுப்போகவில்லை. இத்தனை அழகை ஒன்பது வருடம் எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அன்று வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே உரக்கப் பாடினாள்.

"உப்புப் போட்டியா?" என்றார் கணவர்.

"போட்டேனே." முழுப் பொய்யில்லை. பாதிதான் பொய்.

"பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

"ஏன், நான் பாடக் கூடாதா?"

"அய்யோ, பாடு பாடு. யார் வேணாம்னா?"

அவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் அது ஒரு பாட்டில்தான் ஆரம்பித்தது. கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. சந்தோஷமாக இருக்கிற பெண்டாட்டியைப் பார்த்து, நீ ஏன் சந்தோஷமாக இருக்கிறாய் என்று எப்படிக் கேட்பது? அந்த லென்ஸையே மறுபடியும் துடைத்தார்.

4½

இது என் பகுதி. அரைப் பகுதி போதும், நான் அதற்குமேல் லாயக்கில்லை.

என் கதைத் தொகுப்பு அப்போது அவளிடம் இருந்தது. அதில் கடைசிக் கதையின் நாயகி மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். முடிவில் எல்லா மாத்திரைகளையும் கைகழுவும் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். மறுநாள் காலை புதுப் பெண்ணாக எழுகிறாள், ஜன்னலில் பறவைகள் வந்து உட்கார்கின்றன. எழுதி முடித்த அன்று எனக்கே மெய்சிலிர்த்தது.

முதல் மெய்ப்பில், ஆண்டு மலர் விவகாரத்துக்கு முன்பு, அந்த முடிவுக்கு எதிரே நடுங்கிய கையெழுத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'இதை எழுதியவர் மாத்திரை பெட்டியைத் திறந்தவரே இல்லை. தலைவலிக்குக்கூட.' எனக்குச் சுருக்கென்றது. பிழை திருத்தச் சொன்னால் விமர்சனம் எழுதுகிறாளே என்று எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டாம் மெய்ப்பு வேறு மாதிரி வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓரமெல்லாம் குறிப்புகள். 'இந்த வாக்கியம் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நிற்கிறது, உட்காரச் சொல்லுங்கள்.' 'இவர் பேசவில்லை, இவருடைய சட்டை பேசுகிறது.' இப்படிப் பக்கத்துக்குப் பத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போன் போட்டேன்.

"அக்கா, இந்தத் தடவை கலக்கிட்டீங்க!"

"கலக்கமெல்லாம் தெளிஞ்சிருச்சு சார்" என்றாள். குரல் படபடவென்று பறந்தது. நடுவில் விட்டுவைத்த நான்கு கதைகள் இன்னும் திருத்த வேண்டியிருப்பதாகவும், அதற்குள் தான் தூங்கப்போவதில்லை என்றும் சொன்னாள். நான் சிரித்தேன்.

போனை வைத்த பிறகுதான் கடைசிக் கதையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். பறவைகள் வந்து உட்கார்கிற வரிக்கு எதிரே, 'நானும்.'

அவள் மாத்திரை சாப்பிடுகிறவள் என்பது எனக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். தண்ணீர் பாட்டிலைக் காட்டி அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதனால் புரியவில்லை என்று சாதிக்க வழியில்லை. புரிந்தது. ஆனால் நான்கு கதைகள் பாக்கி இருந்தன. அந்தக் குறிப்புகள் அவ்வளவு நன்றாக—

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.]

5

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: அவள் அப்படியே இருக்கிறாள். எழுத்துகளோடு பேசிக்கொண்டு, ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துக்கொண்டு. இது என் பழைய முடிவேதான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

இரண்டு: மாடி விளிம்பு, பாலம்— [நிபந்தனை மீறல்.]

மூன்று: நடந்தது.

நான்காம் நாள் மதியம் அச்சக மாடிக்குப் போனேன். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமல் இருந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன, முகம் ஜொலித்தது. மேஜையில் என் கதை. ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் புள்ளி. ஒன்று விடாமல் எல்லா எழுத்துக்கும், வரி வரியாக, பக்கம் பக்கமாக, சிவப்புப் புள்ளி.

"வாங்க சார், முடிச்சிட்டேன்."

"என்னக்கா இது?"

"புள்ளி வச்சா எழுத்துக்கு அரை மாத்திரை மிச்சம். ஒரு பக்கத்துக்கு எத்தனை எழுத்து பாருங்க. புத்தகம் பூரா எத்தனை! அவ்வளவும் நேரம் சார். நேரம் இல்லாதவங்களுக்குக் குடுத்துடலாம்."

"யாருக்கு?"

"முதல்ல எங்க வீட்டுக்காரருக்கு. பாவம், அவருக்கு நேரமே இல்ல. எப்பப் பாத்தாலும் என்னையே பாத்துட்டிருக்கார்."

 நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். பிறகு, டாக்டரம்மாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். அவள் முகம் சட்டென்று கூர்மையானது.

"எதுக்கு? உங்க கதையில அவ தூக்கித்தானே போட்டா? மறுநாள் நல்லாத்தானே இருந்தா? நான் பாதிதானே நிறுத்தினேன்?"

"அது பொய்க்கா."

"அச்சுல வரப்போகுதே?"

"வராது. அந்த முடிவை எடுத்துடறேன்."

"நல்ல முடிவு சார் அது."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய்."

பையிலிருந்து முதல் மெய்ப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளுடைய நடுங்கிய குறிப்பு. அவள் அளவுகோலை அதன் கீழே வைத்து, பழக்கப்படி, உதடசைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். 'மாத்திரை பெட்டி'யில் அளவுகோல் நின்றது.

"ஒரு ஒற்று போச்சு" என்றாள், திருட்டைக் கண்டுபிடித்த குரலில். பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'ப்' போட்டாள். உறுதியான, அழகான புள்ளி. அதன் இரண்டு பக்கமும் அவளுடைய பழைய எழுத்துகள் கோணல்மாணலாக நின்றன. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே இயந்திரம் ஓடியது, நாற்காலி அதிர்ந்தது. 

"இத எழுதறப்போ கை ஆடியிருக்கு" என்றாள்.

"ஆமாக்கா."

இப்போது முதல்முறையாக அவள் அந்தக் குறிப்பைப் பொருளுக்காகப் படித்தாள். அளவுகோலை எடுத்துவிட்டுப் படித்தாள். வெயில் மேஜையில் ஒரு விரல்கடை நகர்ந்தது.

"கைதான் ஆடியிருக்கு சார். நான் ஆடல."

பேனாவை மூடினாள்.

"எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

6

இங்கேயே நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். அதனால் நிறுத்தப்போவதில்லை.

போகிற வழியில் இரண்டு முறை அவள் மனம் மாறினாள். காரை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள், என்னை எழுத்துத் திருடன் என்று திட்டினாள். அது உண்மைதான் என்பதால் நான் மறுக்கவில்லை. கணவர் அவள் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் மூன்று வாரம். அதன் பிறகு வந்த இறக்கம் அதைவிட நீளம். பல் துலக்குகிற மலையை அவள் தினமும் ஏறினாள். அவர் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு அடிவாரத்தில் நின்றார்.

அவள் தேறி வந்த பிறகு ஒருநாள் டாக்டரம்மா குண்டூசி டப்பாவைத் திறந்து பாதி மாத்திரைகளைப் பார்த்தார்.

"இது மெதுவாக் கரையுற மாதிரி செஞ்ச மாத்திரைம்மா, வெட்டவே கூடாது. கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வழி பண்ணியிருக்கலாமே."

"வெக்கமா இருந்துச்சு டாக்டர்."

"கை நடுங்குறதுல என்ன வெக்கம்?"

அவள் ஆண்டு மலர் கதையைச் சொன்னாள். டாக்டரம்மாவுக்குத் தும்மலும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து இரண்டில் ஒன்றும் முழுதாக வெளிவரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உப்பின் அளவைக் கொஞ்சம் மாற்றினார். நடுக்கத்துக்கென்று தனியாக ஒரு சின்ன மாத்திரை எழுதினார்.

"இத மட்டும் வெட்டலாம், நடுவுல கோடு போட்டிருக்கும். காலைல அரை மாத்திரை."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. [நிபந்தனையை நான் மீறவில்லை.]

அந்தச் சின்ன மாத்திரை வாங்கப் போனபோது பலகையில் 'மருந்துக் கடை' என்று இருந்ததாம். இத்தனை வாரம் ஆளைக் காணோமே என்று கடைக்காரருக்கு என்னவோபோல் ஆகிவிட்டதாம். இதை நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து நேரில் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் புதுசு. 'க்' மட்டும் இடம் போதாமல் ஒடுங்கிக்கொண்டு நின்றது.

என் தொகுப்பு அந்த முடிவு இல்லாமல் வெளிவந்தது. அந்த ஓரக்குறிப்புகளில் ஒன்றைக்கூட நான் பயன்படுத்தவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டைப் பயன்படுத்தினேன்.

அவள் மறுபடி வேலைக்கு வந்த அன்று கேட்டேன்.

"இப்ப எழுத்தெல்லாம் எப்படிக்கா இருக்கு?"

"தூங்குது சார். பேசறதில்ல."

"வருத்தமா இருக்கா?"

"கொஞ்சம்." தண்ணீர் குடித்தாள். "நல்லாத்தான் பேசுச்சுங்க. ஆனா என்னை ஒரு வார்த்தை பேச விடலையே."

7

இந்தக் கதையையும் அவளுக்குத்தான் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தேன். 'உப்புப் போட்டியா' என்பதில் நான் 'ப்' விட்டிருந்தேன், சேர்த்திருக்கிறாள். இன்னும் ஆறு இடத்தில் திருத்தம். புள்ளிகள் எழுத்தின் தலையில் விழுந்திருக்கின்றன; ஒன்றிரண்டு மட்டும் லேசாகச் சாய்ந்திருக்கின்றன.

கடைசி வரி என்று இரண்டே சொல் எழுதியிருந்தேன். இரண்டாவது சொல்லின் கடைசி எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது. வேண்டுமென்றே விட்டேனா கைமறதியா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எப்படியும் அவள் பிடித்துவிடுவாள் என்று இருந்தேன்.

அவள் அதைத் திருத்தவில்லை. பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாள்: 'பார்த்தேன். விட்டிருக்கிறேன். இந்தப் புள்ளியை அச்சில் வைத்துவிட்டால் எப்போதைக்கும் வைத்ததாக ஆகிவிடும். நான் தினமும் காலையில் வைக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு வைத்தாகிவிட்டது. புத்தகத்தில் வாசிக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும்.'

தட்டச்சுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், தொடாதீர்கள் என்று. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கை கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை.

அவள் நலம